கண்ணுசாமி போட்ட கொண்டை

என் வீட்டுக்காரருக்கு வாய் கொஞ்சம் தாராளம். அதிகம் பேசுவார் என்று அர்த்தம் இல்லை; பேசுவதே அபூர்வம். ஆனால் ஒருவருக்கு ஒன்று செய்கிறேன் என்று சொல்ல வேண்டி வந்தால், கேட்டதற்கு மேலே இரண்டு மடங்காகச் சொல்லிவிட்டு வந்து நிற்பார். என் தங்கை புது வீட்டு வாசலில் கட்ட ஒரு ஜோடி வாழைமரம் கேட்டாள். தெரு முழுக்கவே கட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஊர் ஊராகத் தோப்புத் தேடி அலைந்தார். கட்டவும் கட்டினார். அதுதான் இதில் தொல்லை. சொன்னதை மறந்துவிடுகிற ஆளாக இருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டிருப்பேன்.

பெயர் கண்ணுசாமி. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நெல் கொள்முதல் நிலையத்தில் லோடுமேன். மூட்டை தூக்குவார், கோணி ஊசியில் சணல் கோத்து மூட்டை வாய் தைப்பார். கொள்முதல் இல்லாத மாதங்களில் வரப்பு வெட்ட, நாற்று அள்ள என்று வயல் வேலைக்குப் போவார். நான் செவ்வந்தி, அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு ஒரே பெண் பூவிழி, ஆறாம் வகுப்பு. அவள் நாட்டிய வகுப்புக்குப் போகும்போது தலையில் கொண்டை போட்டுவிடுவது இந்த மனுஷன்தான் என்றால் முதல் தடவை கேட்கிற யாரும் நம்புவதில்லை.

வித்யாலக்ஷ்மி டீச்சர் நீடாமங்கலத்தில் தன் வீட்டு மாடியில் பரதநாட்டியம் சொல்லித் தருகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு. அவருக்குப் பின்னல் ஆகாது. சுற்றி ஆடும்போது ஒருத்தி பின்னல் இன்னொருத்தி கண்ணில் அடிக்கிறதாம். எல்லாப் பிள்ளைகளும் கொண்டையோடுதான் வர வேண்டும். அதுவும் குளித்துவிட்டு அள்ளிச் செருகுகிற கொண்டை கூடாது. தலை வழித்துவிட்ட மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும். ஒரு பிசிறு தூக்கிக்கொண்டு நின்றாலும் டீச்சர் கண்ணுக்கு அதுதான் முதலில் தெரியும்.

முதலில் நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மழை நாளில் அங்கன்வாடிப் படியில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை, ஆனால் வலது தோள் இறுகிக்கொண்டுவிட்டது. சோறு பிசையலாம், வீடு கூட்டலாம், சண்டையும் போடலாம். கையைத் தோளுக்கு மேலே தூக்க மட்டும் முடியாது. பக்கத்து வீட்டு அறிவுமதியைக் கூப்பிட்டுப் போடச் சொல்லலாம் என்றேன். எதற்கு ஊராரைக் கூப்பிட வேண்டும், நானே போடுகிறேன், டீச்சரே அசந்துபோகிற மாதிரி போடுகிறேன் என்றார். நான் முதலிலேயே சொன்னேன் அல்லவா, வாய் தாராளம் என்று.

மூட்டை வாயை இறுக்குகிற கை அது. ரப்பர் பேண்டைப் போட்டு இழுத்த இழுப்பில் பிள்ளையின் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிட்டது. "இழுக்காதப்பா" என்று அலறினாள். அவ்வளவு இழுத்தும் பஸ் வருவதற்குள் கொண்டை சரிந்து தோளில் விழுந்தது. அவள் அழுதுகொண்டே போனாள்.

அப்புறம்தான் கூத்து. கொள்முதல் நிலையத்துத் தூணில் சணலைக் கற்றையாகக் கட்டித் தொங்கவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அதைச் சீவி முறுக்கிக் கொண்டை போட்டுப் பார்த்தாராம். கூட வேலை பார்க்கிற இளஞ்செழியன் என்னிடம் வந்து, தூணுக்குப் பூ வைத்துவிடாததுதான் பாக்கி அண்ணி என்று சொல்லிச் சிரித்தான். சிரிக்கட்டுமே. அந்தத் தூண் அத்தனை கொண்டைகளையும் பொறுத்துக்கொண்டதால்தான் என் பிள்ளையின் தலை தப்பியது.

மெல்ல மெல்லக் கை பழகியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்காலியைப் போட்டு, சுவரில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு பூவிழி உட்காருவாள். இவர் பின்னால் நின்று நீர் தெளித்து, சிக்கெடுத்து, வகிடு எடுப்பார். ஜெல்லை உள்ளங்கையில் தேய்த்து இரண்டு பக்கமும் வழித்துப் பின்னால் கொண்டுபோய் ஒன்றாகக் கட்டுவார். முறுக்கிச் சுற்றி, யூ பின்களை வாயில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துச் செருகுவார். நெற்றி ஓரத்துக் குட்டி முடிகளுக்குப் பழைய டூத் பிரஷ். கடைசியில் கொண்டை வலை. அதுதான் அவருக்கு வில்லங்கம். சணல் அறுத்து அறுத்து வெடித்துப்போன விரல்கள். வலையைத் தொட்டாலே தோலில் மாட்டிக் கிழிந்துவிடும். அதற்காக முந்தின நாளே கையை வடிகஞ்சியில் ஊறவைத்து, தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு திரிவார். கல்யாணத்துக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு பக்குவம் பண்ணிக்கொண்டு வரவில்லை.

எவ்வளவு மெதுவாகப் போட்டாலும் பூவிழி ஒரு தடவையாவது "இழுக்காதப்பா" என்று சொல்லாமல் இருக்க மாட்டாள். அது வழக்கமாகவே ஆகிவிட்டது. சில நாள் அவர் சீப்பைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள்.

முடி என்றால் முடி. மற்றப் பிள்ளைகள் கொண்டைக்குள் பஞ்சு வளையம் வைத்துப் பெரிதாகக் காட்டுவார்கள். இவளுக்கு அது தேவையே இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் தலையில் கத்தரி படக் கூடாது என்று அவர் சொல்லிவைத்திருந்தார். பெண் பிள்ளைக்கு நீள முடி அழகு என்று ஆசைப்படுகிறார் போல என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் போன வருஷத்திலிருந்து முடி வளர்வது நின்றுவிட்டது. இடுப்புக்கு மேலே நாலு விரற்கடையில் வந்து நின்றது, நின்றதுதான். நான் போர் தண்ணீரைக் குறை சொன்னேன். எண்ணெயை மாற்றினேன். கரிசலாங்கண்ணி தேடிப் பறித்து வந்து காய்ச்சினேன். மருந்துக் கடைக்காரரிடம் போலி எண்ணெய் விற்கிறீர்களா என்று சண்டைகூடப் போட்டேன். இவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் இவர் ஆளே மாறிவிடுவார். தும்மினால் போதும், நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். ஒன்றாம் வகுப்பில் அவளுக்கு டெங்கு வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்தாள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. எனக்கு ஒரு வருஷத்தில் விட்டுப்போயிற்று. அவருக்கு விடவே இல்லை. வருஷம் ஆக ஆகக் கூடித்தான் போயிற்று. அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இந்த வருஷம் விஜயதசமிக்குச் சலங்கை பூஜை என்று டீச்சர் சொல்லியிருந்தார். சலங்கையைச் சாமி முன்னால் வைத்து வாங்கிக் காலில் கட்டிக்கொண்டு, முதல் தடவையாகச் சபையில் ஆடுவது. பூவிழி தூக்கத்தில்கூடத் தாளம் போட்டாள். ஆயுத பூஜைக்கு முன்னால் நான் வீட்டைச் சுத்தம் செய்தேன். சாமி படங்களை ஒவ்வொன்றாக இறக்கித் துடைத்தேன். எங்கள் குலசாமி வீரனார். நன்னிலம் தாண்டி வயல் நடுவில் கோயில். அந்தப் படத்தை இறக்கியபோது பின்னாலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சு காலடியில் விழுந்தது. வேண்டிக்கொண்ட காசாக இருக்கும் என்று அவிழ்த்தேன். காசும் இருந்தது. அதோடு முடி. கருகருவென்று, சின்னச் சின்னக் கற்றைகளாக, நூல் சுற்றிக் கட்டிய முடி. என் பிள்ளையின் முடி எனக்குத் தெரியாதா?

யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. முடி வளராமல் நின்றதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. சாக்கடைத் தண்ணீர் விஷயத்தில் போன மாதம் நான் யாரோடு சண்டை போட்டேனோ அவள் முகம் உடனே கண்ணில் வந்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டுதான், ஒப்புக்கொள்கிறேன். இவருக்குப் போன் போட்டு, நம் பிள்ளைக்கு யாரோ வைத்துவிட்டார்கள், அடுப்பில் போட்டு எரிக்கப்போகிறேன் என்று கத்தினேன். "எரிச்சிடாத செவ்வந்தி. அது சாமியோடது. இதோ வர்றேன்" என்றார்.

சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு, உடம்பெல்லாம் நெல் தூசியோடு வந்து தரையில் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். ஆஸ்பத்திரியில் நான் பிள்ளையோடு உள்ளே இருந்தபோது, ரத்தத்தில் என்னவோ குறைந்துகொண்டே போகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன நாளில், இவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்று வீரனாரை வேண்டிக்கொண்டிருக்கிறார். எல்லாரும் வேண்டுகிற மாதிரி, பிழைத்து வந்தால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டியிருந்தால் அடுத்த மாதமே போட்டு முடிந்திருக்கும். ஆறு வயதுப் பிள்ளைத் தலையில் என்ன முடி இருக்கிறது, இது சாமிக்குப் போதுமா என்று யோசித்தாராம். இடுப்பு வரைக்கும் வளர்த்து, ஒன்று மிச்சமில்லாமல் உனக்கே தருகிறேன், பிள்ளையை மட்டும் விட்டுவிடு என்று சொல்லிவிட்டார். வாழைமரக் கதையேதான். சாமியிடமும்.

யாரிடமும் சொல்லாமல் முடியை வளர்த்தார். அதற்குள் பிள்ளை நாட்டியத்துக்குப் போய்விட்டாள். இவரே கொண்டை போடவும் ஆரம்பித்துவிட்டார். முடி இடுப்பை நெருங்க நெருங்க இவருக்குப் பயம் வந்துவிட்டது. சலங்கை கட்டி ஆட ஆசையாக இருக்கிற பிள்ளையை மொட்டைத் தலையோடு எப்படி நிறுத்துவது? கொடுக்காமல்விட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதனால் கொண்டை போடும்போதெல்லாம், நுனி பிளந்திருக்கிறது என்று பிள்ளையிடம் சொல்லி, நான் அடுக்களையில் இருக்கும் நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்துவிட்டார். இடுப்பைத் தொட்டால்தானே கொடுக்க வேண்டும்.

"சாமியவே ஏமாத்தப் பாத்தீங்களா?" என்றேன்.

"ஏமாத்தல. வெட்டினதுல ஒரு முடிகூட நான் தூக்கிப் போடல. எல்லாத்தையும் அதுக்குன்னுதான் கட்டி வச்சிருக்கேன்."

தவணை முறையில் சாமிக்கு முடி கொடுத்த ஆள் இந்தத் தாலுகாவில் இவர் ஒருத்தராகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபம் வந்தது, கரிசலாங்கண்ணிக்கு நான் அலைந்த அலைச்சல் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷமாக ஒவ்வொரு தும்மலுக்கும் இந்த மனுஷன் தனியாகச் செத்துப் பிழைத்திருக்கிறார்.

கோயில் பூசாரி இராஜாங்கத்துக்கு உடனே போன் போட்டேன். பெண் பிள்ளைக்குப் பூமுடி போதும், நுனியில் கொஞ்சம் கத்தரித்துச் சாமி காலடியில் வைத்தால் வேண்டுதல் தீர்ந்தது, நான் பொறுப்பு என்று அவர் சொன்னார். போனை ஸ்பீக்கரில் போட்டு இவரையும் கேட்க வைத்தேன். சரி என்று தலையாட்டினார். ஆனால் அந்த முகம் தெளியவில்லை. மிச்சமில்லாமல் தருகிறேன் என்று சொன்னது இவர் வாய்தானே. திரும்பினால், ஸ்கூல் பையோடு பூவிழி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. கை கால் கழுவிவிட்டுச் சுண்டல் எடுத்துத் தின்றாள்.

விஜயதசமி அன்றைக்குக் காலையில் வழக்கம்போல முக்காலி போட்டோம். இவர் வகிடு எடுத்து, வழித்துக் கட்டி, முறுக்கிக்கொண்டிருந்தார். நான் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். பூவிழி கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அப்பா, பூஜை முடிஞ்சதும் வர்ற திங்கக்கெழம கோயிலுக்குப் போவோம். நான் மொட்டை போட்டுக்கறேன்."

அவர் கை நின்றுவிட்டது. வாயில் பின் இருந்ததால் பேச முடியவில்லை. எடுத்துவிட்டு, "பூமுடி போதும்னு பூசாரி சொல்லிட்டாரும்மா" என்றார்.

"உனக்குப் போதுமா?"

அவர் பின்னைத் திரும்ப வாயில் கடித்துக்கொண்டார்.

"நான் தும்முனாகூட நீ நெத்தியத் தொட்டுப் பாக்குற. நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு வந்து வந்து பாக்குற. எனக்குத் தெரியும்பா. முடி வளந்துரும். நீ பயப்படுறது நிக்கணும்ல?"

பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது, பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிற எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாகக்கூட இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. அவள் ஆசையாக வளர்த்த முடி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அதையும் அவளிடம் சொன்னேன். தெரியும், தொப்பி போட்டுக்கொள்கிறேன் என்றாள். இவர் கொண்டையைச் சுற்றி முடித்தார். வலையைப் போட்டார். அன்றைக்கு வலை கிழியவில்லை.

அந்தக் கொண்டையைப் பற்றி நான் சொல்லக் கூடாது, பெருமை பேசுகிறேன் என்பீர்கள். ஆனால் டீச்சரே பூவிழியின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யார் போட்டது என்று மற்ற அம்மாக்கள் முன்னால் கேட்டார். இவர் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பிள்ளை சலங்கை கட்டி ஆடினாள். ஒரு இடத்தில் தாளம் தப்பியது, சமாளித்துக்கொண்டாள். ஒரு பிசிறுகூட அசையவில்லை. எல்லாரும் அவள் காலைப் பார்த்தார்கள். இவர் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அந்தக் கொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நன்னிலம் போய் அங்கிருந்து ஆட்டோவில் கோயிலுக்குப் போனோம். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். கோயிலுக்கும் கொண்டையோடுதான் வருவேன் என்று பூவிழி அடம்பிடித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். முடி எடுக்கிறவர் பலகையைப் போட்டு, தலையை அவிழ்த்துவிடச் சொன்னார். நான் போனேன். இவர் என்னைத் தடுத்துவிட்டு, தானே பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். வலையைக் கழற்றினார். பின்களை ஒவ்வொன்றாக உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முறுக்கைப் பிரித்துக் கையால் சிக்கெடுத்து முதுகில் பரப்பினார். கற்றை கற்றையாக வெட்டி வைத்த முடியை மஞ்சள் துணியோடு ஏற்கெனவே சாமி காலடியில் வைத்துவிட்டோம். அப்படியும் அவர் கண் அந்த நுனியை விட்டு அகலவில்லை.

"நாலு விரக்கடை குறையுது" என்றார். "நான் சொன்னது இடுப்பு வரைக்கும். நானே வெட்டிக் கெடுத்துட்டேன். இது கணக்குல சேருமா, சேராதா..."

பூசாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பூவிழி பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆட்டத்தில் செய்வது மாதிரி கழுத்தை வளைத்து, முகம் வானத்தைப் பார்க்க அண்ணாந்தாள். முதுகில் கிடந்த முடி மெல்ல இறங்கி இடுப்பைத் தொட்டது. தொட்டு, பாவாடைக் கட்டுக்கும் கீழே போனது.

"இப்பப் பாருப்பா. தொடுதா?"

அவர் கையை வைத்துத் தொட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். பூசாரி மணியை அடித்துவிட்டார். நல்ல மனுஷன்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சருக்குப் போன் போட்டுத் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். கொண்டைக்கு அவ்வளவு கறார் காட்டுகிறவர் என்ன சொல்வாரோ என்று பயம். "நான் என்ன முடிக்கா டான்ஸ் சொல்லித் தரேன்? ஞாயித்துக்கிழமை அனுப்புங்கோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த நேரத்துக்குக் கைக்கு வேலை இல்லாமல் நிற்க அவரால் முடியாது. பூவிழி கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், முக்காலியைப் போட்டு, கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேரமாகிறது, வா என்றாள்.

அவர் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து பின்னால் நின்றார். அப்புறம் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்து, அரும்பத் தொடங்கியிருந்த அந்தத் தலையில் வைத்தார். பூவிழி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"இழுக்காதப்பா."

அவர் சிரித்தார். வாய்விட்டு, குலுங்கிக் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த நாளுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எண்ணெய்க் கை உச்சியிலிருந்து வழிந்து நெற்றிக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை, சூடு பார்க்கவில்லை, காதோரமாக இறங்கிப் போய்விட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு பேரையும் நான்தான் விரட்ட வேண்டியிருந்தது.